கத்தரியில் துண்டாகும் எச்சரிக்கை

காலை எட்டு மணிக்கு மருந்துக் கடை வாசலில் நின்று பாருங்கள். "அண்ணே, மண்டை வெடிக்குது, உடம்பெல்லாம் வலி. ரெண்டு மாத்திரை குடுங்க" என்று ஒருவர் வருவார். முந்தின இரவு குடித்ததும், சோறு தின்னாமல் படுத்ததும் முகத்திலேயே தெரியும். கடைக்காரர் பாரசிட்டமால் 650 அட்டையைக் கத்தரியால் வெட்டி இரண்டைக் கொடுப்பார். பின்புறம் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும் கல்லீரல் எச்சரிக்கையில் பாதி கடையிலேயே தங்கிவிடும்.

சரக்கோடு சேர்த்து மாத்திரை போடக் கூடாது என்பது பலருக்கும் தெரியும். விடிந்துவிட்டது, போதை இறங்கிவிட்டது, இனி பயமில்லை என்றுதான் நினைக்கிறார்கள். தினமும் குடிப்பவருக்கு உண்மையில் பயப்பட வேண்டிய நேரமே அதுதான்.

நாம் விழுங்கும் பாரசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாத பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. நூற்றில் ஐந்து முதல் பத்து பங்கு மட்டும் சிஒய்பி2இ1 என்ற நொதியிடம் போய் நஞ்சாகிறது. அந்த நஞ்சைப் பிடித்து முடக்குவது கல்லீரலில் உள்ள குளூட்டாதயோன் என்ற பொருள். இதே நொதிதான் மதுவையும் கையாள்கிறது. தினமும் குடித்தால் கல்லீரலில் அதன் அளவு கூடிக்கொண்டே போகும். ரத்தத்தில் மது இருக்கும்வரை நொதி அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதால் மருந்து அதிகம் நஞ்சாவதில்லை. மது வடிந்ததும், பெருகி நிற்கும் நொதிக்கு மருந்து மட்டுமே மிஞ்சுகிறது. குடியை நிறுத்திச் சில நாள்கள் வரை இந்த நிலை நீடிக்கும். குளூட்டாதயோனோ குடியாலும் பட்டினியாலும் ஏற்கெனவே வற்றிக் கிடக்கிறது.

அமெரிக்க அதிபர் ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ்ஷிடம் உதவியாளராக இருந்த ஆண்டனியோ பெனடி, இரவு உணவோடு ஒயின் குடிக்கும் பழக்கமுள்ளவர். 1993-இல் காய்ச்சலுக்குச் சில நாள்கள் பாரசிட்டமால் சாப்பிட்டார். கல்லீரல் செயலிழந்து, மாற்று அறுவை சிகிச்சை செய்துதான் பிழைத்தார். மதுவோடு வரும் ஆபத்தைப் பற்றி மாத்திரையைத் தயாரித்த நிறுவனம் எச்சரிக்கவில்லை என்று வழக்குத் தொடுத்தார்; 1994-இல் நடுவர் குழு அவருக்கு 80 லட்சம் டாலருக்கும் மேல் வழங்கச் சொன்னது. தினமும் மூன்று கிளாஸோ அதற்கு மேலோ குடிப்பவர்களுக்கான எச்சரிக்கையை 1998-இல் அமெரிக்க அரசு கட்டாயமாக்கியது.

ஒன்றிரண்டு மாத்திரை போட்டவர்கள் பதற வேண்டாம். குடியை அப்போதுதான் நிறுத்தியவர்களுக்கு நாளுக்கு 4 கிராம் வீதம் இரண்டு நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வில் கல்லீரல் கெடவில்லை. மாத்திரை நாள்கணக்கில் தொடர்வதும், வயிறு காய்வதும், கணக்குத் தவறுவதும் சேரும்போதுதான் ஆபத்து. ஆறு 650 மாத்திரைகள் என்றால் 3,900 மில்லிகிராம். நல்ல உடம்புள்ள பெரியவருக்கே ஒரு நாளின் உச்சவரம்பு 4,000. தினமும் குடிப்பவர் 2,000-ஐத் தாண்ட வேண்டாம் என்று மருத்துவர்கள் பலர் சொல்வார்கள். அது மூன்றே மாத்திரை. சளி மாத்திரைக்குள்ளும் மூட்டுவலி மாத்திரைக்குள்ளும் இதே மருந்து ஒளிந்திருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இதற்காக இபுபுரூஃபனுக்கோ டைக்ளோஃபினாக்குக்கோ மாறுவதும் வழியல்ல. குடியால் புண்ணான வயிற்றில் அவை ரத்தக்கசிவை உண்டாக்கும். அதனால்தான் "பாரசிட்டமால் வேண்டாம்" என்று மொட்டையாகச் சொல்லிவிட எனக்கு மனமில்லை. அட்டையின் ஒவ்வொரு குழிக்குப் பின்னாலும் தமிழில் ஒரு வரி அச்சிட வேண்டும். கத்தரியை எடுக்கும் முன் "தினமும் குடிப்பீங்களா? நேத்து சாப்பிட்டீங்களா?" என்று கடைக்காரர் கேட்க வேண்டும். அரை நிமிட வேலை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அளவு மீறினால் முறிமருந்து இருக்கிறது: அசிட்டைல்சிஸ்டீன். எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பெரும்பாலும் கல்லீரலைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் முதல் நாள் குமட்டலும் வாந்தியும்தான் இருக்கும், சிலருக்கு அதுவும் இருக்காது. வீட்டில் இருப்பவர்கள் நேற்றைய குடியின் மிச்சம் என்று விட்டுவிடுவார்கள். கண் மஞ்சளாகும்போது இரண்டு மூன்று நாள் கடந்திருக்கும். சந்தேகம் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வெட்டிய அட்டைத் துண்டுகளையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்; எத்தனை குழி காலி என்பது அங்கிருக்கும் மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.