கூகல் யாருடைய பெயர்?

இடுபணி, திரட்டேடு என்று ஆசிரியர் சொன்னதும் பிள்ளைகள் முதலில் திறப்பது கூகலைத்தான். படம் கிடைக்கும், கட்டுரையும் கிடைக்கும். அச்சடித்து ஒட்டினால் வேலை முடிந்தது. எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டால், "கூகல்" என்று பதில் வரும். நூலகத்தில் எடுத்த புத்தகத்துக்கு ஆசிரியர் பெயர் 'நூலகம்' என்று எழுதுவோமா?

ஜொகூர் பாருவில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு ஊடகத்துறை பற்றிப் பேசப் போனபோது ஒரு மாணவி கேட்டாள்: "அக்கா, காசு கேட்காம இணையத்துல போட்டிருந்தா, எடுத்துக்கோன்னுதானே அர்த்தம்?" பெரியவர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

நம் நாட்டின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் சொந்தமாக எழுதினாலோ வரைந்தாலோ உரிமை அவருடையது. பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. அவர் மறைந்து 50 ஆண்டுகள் வரை அந்த உரிமை நீடிக்கும். படிப்புக்காக நியாயமான அளவில் எடுத்தாளச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் படைப்பின் தலைப்பையும் படைத்தவர் பெயரையும் குறிப்பிட வேண்டும். திரட்டேட்டில் ஒட்டுவது வேறு, டிக்டாக்கில் ஏற்றி ஊருக்கே காட்டுவது வேறு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

சரி, பாரதியார் பாடல்களை யாரிடமும் கேட்காமல்தானே மேடையில் பாடுகிறோம்? அந்த உரிமை சும்மா வந்ததல்ல. பாரதி பாடல்களின் இசைத்தட்டு, திரைப்பட உரிமை ஒரு காலத்தில் ஏவி. மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது. மக்கள் கோரிக்கை வலுத்து, 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளைப் பொதுவுடைமையாக்க முன்வந்தது. செட்டியார் பணம் வாங்காமல் உரிமையைக் கொடுத்தார். பாரதி குடும்பத்துக்கு அரசு தொகை வழங்கியது. ஆக, இலவசம் என்பது உரியவர் கொடுப்பது; எடுப்பவர் முடிவு செய்வதல்ல.

இதில் இன்னொன்றும் உண்டு. பாரதியின் வரிகள் பொதுவானவை; ஆனால் அவற்றை ஒருவர் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை இருக்கலாம். வானொலியில் ஒலிக்கும் பாடல்களுக்கு உரிமைத் தொகை செலுத்துவது அதனால்தான். பள்ளி விழாக் காணொளிக்குத் திரைப்பாடலைப் பின்னணியாகச் சேர்ப்பதற்கு முன் இதை யோசியுங்கள். மாணவர்களே பாடினால் இன்னும் நன்றாக இருக்குமே!

வீட்டில் ஒரு பழக்கம் போதும். படமோ தகவலோ எடுத்த உடனே தலைப்பு, படைத்தவர், இணைய முகவரி, எடுத்த நாள் ஆகிய நான்கையும் பிள்ளை குறித்து வைக்கட்டும். படங்களுக்கு விக்கிமீடியா காமன்ஸ் இருக்கிறது. பயன்படுத்தும் நிபந்தனை அந்தந்தப் படத்தின் பக்கத்திலேயே இருக்கும். பழந்தமிழ் நூல்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. கட்டுரையை மட்டும் படித்துவிட்டு மூடிவைத்து, சொந்த வரிகளில் எழுதட்டும்.

இந்த வாரம் உங்கள் பிள்ளையின் திரட்டேட்டைப் புரட்டிப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில் 'கூகல்' என்று மட்டும் இருந்தால் திட்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, விடுபட்ட பெயர்களைச் சேர்ந்தே தேடுங்கள்.