நம்ம ஆளுதானே, அனுப்பும்மா!

“மாமா, ஏஜண்ட் நம்ம ஆளுதான். தமிழ்லயே பேசுறாரு” என்று தங்கை மகள் தொலைபேசியில் சொன்னபோது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. சென்ற ஆண்டு திருமணமானவள். பிடிஓ வீட்டுச் சாவி கைக்கு வர இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை ஈசூனில் மூவறை வீவக வீடு ஒன்றை வாடகைக்கு எடுக்க அவளும் மாப்பிள்ளையும் அலைந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு வீடு பிடித்துவிட்டது. மாத வாடகை 2,600 வெள்ளி. “இன்னும் மூணு பேர் கேக்குறாங்க. ஒரு மாச டெபாசிட்டை எனக்கு பேநவ் பண்ணிடுங்க, ஓனர்கிட்ட குடுத்து வீட்டைப் பிடிச்சு வெச்சிடுறேன்” என்றாராம் முகவர். அனுப்பலாமா என்று என்னிடம் கேட்டாள். “நம்ம ஆளுதானே, அனுப்பும்மா” என்றேன். இன்றுவரை நான் வருந்தும் வார்த்தை அது.

வீட்டு உரிமையாளர் மனம் மாறி வேறு ஒருவருக்கு வீட்டைக் கொடுத்துவிட்டார். அதில் தவறில்லை. ஆனால் பணம் திரும்பவில்லை. “நாளைக்கு”, “திங்கட்கிழமை”, “அடுத்த வாரம்” என்று மூன்று வாரம் ஓடியது. குறுஞ்செய்திக்கு நீல நிற ‘டிக்’ மட்டும் விழுந்தது, பதில் இல்லை.

அப்போதுதான் விதிமுறைகளைத் தேடிப் படித்தேன். வெட்கமாக இருந்தது. சிங்கப்பூரில் எந்தச் சொத்தை விற்பதாக இருந்தாலும் வாங்குவதாக இருந்தாலும், வீவக வீட்டை வாடகைக்கு விடுவதாக இருந்தாலும், அதற்கான பணத்தை முகவர் தம் கையால் தொடவே கூடாது. முன்பணம் உரிமையாளருக்கு நேராகப் போகவேண்டும். முகவரின் தரகுப் பணத்தைக்கூட அவருடைய நிறுவனத்திற்குத்தான் கட்டவேண்டும், அவரது சொந்தக் கணக்கிற்கு அல்ல.

எங்கள் முகவர் போலி ஆள் இல்லை. சிஇஏ எனப்படும் சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் அவருடைய படமும் பதிவு எண்ணும் இருந்தன. பதிவு பெற்றவர்தான், ஆனால் விதியை மீறியவர். அவருடைய நிறுவனத்தை அழைத்து நடந்ததைச் சொன்னேன். மறுநாள் மாலையே 2,600 வெள்ளியும் திரும்பி வந்தது.

இரவில் அவரே அழைத்தார். “அண்ணே, சிஇஏக்கு மட்டும் எழுதிடாதீங்க. ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்கு.” குரல் உடைந்திருந்தது. எனக்கு மனம் இளகிவிட்டது. பணம்தான் வந்துவிட்டதே, ஒருவர் பிழைப்பில் மண்ணைப் போடுவானேன்?

ஒழுங்கு நடவடிக்கை என்பது சும்மா இல்லை. 2010ல் இந்த மன்றம் அமைக்கப்பட்டபோதே அதற்கு அந்த அதிகாரம் கொடுக்கப்பட்டது. 2021ல் தண்டத்தொகையின் உச்சவரம்பும் உயர்ந்தது. ஒழுங்குக் குழு ஒரு வழக்கில் முகவருக்கு 100,000 வெள்ளிவரையும், நிறுவனத்திற்கு 200,000 வெள்ளிவரையும் விதிக்கலாம். பதிவை இடைநிறுத்தலாம், ரத்தும் செய்யலாம். நிறுவனமும் இதில் தப்ப முடியாது. தன் முகவர்களைக் கண்காணிப்பது அதன் கடமை. ‘அவர் செய்தது எங்களுக்குத் தெரியாது’ என்று கைகழுவ முடியாது.

தங்கை மகளிடம் என் தயக்கத்தைச் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. “மாமா, நமக்கு நீங்க போன் பண்ணுனீங்க, பணம் வந்துச்சு. அடுத்து வர்ற பொண்ணுக்கு யாரு போன் பண்ணுவாங்க?”

அன்றிரவே புகாரை அனுப்பினாள். குறுஞ்செய்திகள், பேநவ் ரசீது எல்லாவற்றையும் இணைத்தாள். நடந்ததை மட்டும் எழுதினாள், ஒரு சொல்லும் கூட்டவில்லை. பணம் திரும்பி வந்ததையும் மறைக்காமல் குறிப்பிட்டாள். எவ்வளவு தண்டனை என்பதை இனி மன்றம் முடிவு செய்யட்டும்.

நம்மவர் என்பதால் ஒருவரிடம் வேலையைக் கொடுப்பது நல்லதுதான். நம்மவர் என்பதால் விதியைத் தளர்த்துவதும், தவறைக் கண்டும் வாயை மூடிக்கொள்வதும் வேறு. ஒழுங்காகத் தொழில் செய்யும் தமிழ் முகவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நம் மௌனம் அவர்களுக்குத்தான் கெட்ட பெயர் வாங்கித் தருகிறது.

வீடு தேடும் இளையர்களுக்கு இரண்டே வார்த்தை. ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணை, அல்லது முகவரின் தொலைபேசி எண்ணை, மன்றத்தின் இணையப் பதிவேட்டில் தட்டிப் பாருங்கள். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவரா என்பதும் அங்கேயே தெரியும். அடுத்து, “என் கணக்குக்கு அனுப்புங்க” என்று முகவர் சொன்னால் அனுப்பாதீர்கள்.

மாமாவே “அனுப்பு” என்று சொன்னாலும் அனுப்பாதீர்கள்.