எல்லாம் டிராமாதானே?

ரெஸ்லிங்னு பேச்சை எடுத்தா போதும், எங்கிருந்தாவது ஒரு அறிவாளி வந்து குதிச்சிடுவார். "அட போங்க சார், அதெல்லாம் டிராமா. யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வெச்சுட்டுதான் ரிங்குக்குள்ள வர்றாங்க"ன்னு சொல்லிட்டு, ஏதோ ராணுவ ரகசியத்தை உடைச்ச மாதிரி ஒரு சிரிப்பு வேற. தலைவா, டிரம்ப் கார்டு வெச்சு விளையாடி, அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர்னு கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்க. பேசி வெச்சதுன்னு எங்களுக்கும் தெரியும் :-)

ஆனா அந்த "டிராமா"ங்கிற வார்த்தை மேல எனக்கு ஒரு கோவம் இருக்கு. அதைக் கொட்டத்தான் இந்தப் பதிவு.

முதல்ல, இது டிராமான்னு அதிகாரபூர்வமா சொன்னது யாரு? அந்தக் கம்பெனியேதான். 1989 பிப்ரவரியில அமெரிக்காவோட நியூஜெர்சி மாநில செனட்டுல, இது விளையாட்டுப் போட்டி இல்லை, வெறும் பொழுதுபோக்குன்னு அப்போதைய டபிள்யூ.டபிள்யூ.எஃப் தரப்பு ஒத்துக்கிச்சு. திடீர்னு அரிச்சந்திரன் ஆனதுக்குக் காரணம் இருக்கு. போட்டின்னா லைசென்ஸ் வேணும், ரிங்குல ஏறுறதுக்கு முன்னாடி டாக்டர் பரிசோதனை வேணும், வரி கட்டணும். பொழுதுபோக்குன்னா அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. ஆக, "டிராமா"ங்கிற வார்த்தையால மொதல்ல லாபம் பார்த்தது முதலாளி. விழுந்து எழுந்தவன் இல்லை.

சரி, விழறது நிஜமா பொய்யா? ரிங்குன்னா மெத்தை கிடையாது. இரும்புச் சட்டம், அது மேல பலகை, அது மேல மெல்லிசா ஒரு ஸ்பாஞ்ச், அதுக்கு மேல கேன்வாஸ். அதுல முதுகு முழுக்கப் படுற மாதிரி, தாடையை நெஞ்சோட ஒட்டி வெச்சுக்கிட்டு, மண்டை அடிபடாம விழணும். இதை ராத்திரிக்கு ராத்திரி, ஊருக்கு ஊரு பண்ணணும்.

1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். மிக் ஃபோலியை அண்டர்டேக்கர் பதினாறு அடி உயரக் கூண்டு மேலேர்ந்து தூக்கிப் போட்டார். அது பேசி வெச்சது. அவர் எழுந்து மறுபடி மேல ஏறினார். அடுத்த தடவை தூக்கி அடிச்சப்போ கூண்டோட கூரை பிய்ஞ்சு உள்ள விழுந்தார். அது பேசி வெச்சது இல்லை. அடுத்த வருஷம் மே 23, கன்சாஸ் சிட்டியில கூரையிலேர்ந்து கயித்துல இறங்க வேண்டிய ஓவன் ஹார்ட் கீழ விழுந்து செத்தே போனார். அதுக்கப்புறமும் அன்னைக்கு ஷோ நடந்துச்சு. இதுல எதுங்க டிராமா?

நம்ம ஊர் ஆளுக்கே வருவோம். தி கிரேட் காளி. சொந்தப் பேரு தலீப் சிங் ராணா, இமாச்சலப் பிரதேசத்துக்காரர். 2016-ல தன் கதையைப் புத்தகமா கொண்டு வந்தார். ரெண்டரை ரூபா ஃபீஸ் கட்ட முடியாம பள்ளிக்கூடத்துலேர்ந்து வெளிய அனுப்பப்பட்டு, எட்டு வயசுல அஞ்சு ரூபா தினக்கூலிக்குச் செடி நட்ட பையன் அவர். 2006-ல வந்த வேகத்துல அண்டர்டேக்கரையே சாய்ச்சார், 2007-ல சாம்பியன் ஆனார். அவரோட பிரம்மாண்டத்தைத்தான் நாம வாயைப் பிளந்து பார்த்தோம். பிட்யூட்டரி சுரப்பியில இருந்த கட்டிதான் அந்த உடம்புக்குக் காரணம். 2012-ல ஆபரேஷன் பண்ணி அதை எடுத்தாங்க. நாம கைதட்டினது ஒரு நோயையும் சேர்த்துத்தான்.

இதெல்லாம் காவேரிப்பாக்கத்துல உக்காந்துக்கிட்டு எதுக்கு எழுதறேன்னு கேப்பீங்க. எங்க பக்கம் இது புதுசே இல்லைங்க. பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் சுத்துவட்டாரத்துல எங்கயாவது ஒரு திரௌபதி அம்மன் கோயில்ல பாரதக் கூத்து நடக்கும். கடைசியில துரியோதனன் தொடையை பீமன் பிளப்பான்னு பொறந்த குழந்தைக்கும் தெரியும். அதுக்காக யாராச்சும் "முடிவு தெரிஞ்சதுதானே"ன்னு பாயைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பறாங்களா? படுகளம் வரைக்கும் இருந்து பார்ப்பாங்க.

ஏன்னா முடிவுதான் எழுதி வெச்சது. நடுவுல நடக்கிறது அந்த ராத்திரிக்கே சொந்தம். ரிங்குக்குள்ள கட்டிப் புடிச்சுக்கிட்டே அடுத்த அடி என்னன்னு காதுல கிசுகிசுப்பாங்க. கூட்டம் சத்தம் போட்டா இழுப்பாங்க, தூங்கினா முடிப்பாங்க. கூத்துலயும் அப்படித்தான். புஜத்துலயும் தலையிலயும் கட்டைகளைக் கட்டிக்கிட்டு, கால்ல சலங்கையோட கிறிக்கி சுத்தி, விடிய விடியத் தொண்டை கிழியப் பாடணும். கூட்டம் எங்க சிரிக்குதோ அங்க கட்டியங்காரன் இன்னும் ரெண்டு வார்த்தை சேர்ப்பார். துகில் உரியறதுக்கு முன்னாடி பல ஊர்ல கற்பூரம் ஏத்திக் கும்பிடுவாங்க. வேஷம்னு தெரிஞ்சவங்கதான் கும்பிடறாங்க.

பார்க்கிறவன் இல்லைன்னா என்ன ஆகும்னு 2020 காட்டுச்சு. ஏப்ரல்ல வந்த ரெஸில்மேனியா, ஆளே இல்லாத ஒரு பயிற்சிக் கூடத்துல நடந்துச்சு. அடி விழற சத்தம் மட்டும் தனியா கேட்டுச்சு. முப்பது வருஷம் ஆடின அண்டர்டேக்கருக்கு நவம்பர் 22-ம் தேதி வழியனுப்பு விழா. எதிர்ல மனுஷங்க இல்லை, டிவி திரைதான். இங்க நம்ம கூத்துக்காரங்களுக்கு அதுவும் இல்லை. சம்பாதிக்கிற நாலு மாசமும் சரியா ஊரடங்குல போச்சு. கோயில் பூட்டு, கூத்து ரத்து.

அமெரிக்காவுல அந்த ஏப்ரல் மாசமே கம்பெனி பல ரெஸ்லர்களை வீட்டுக்கு அனுப்பிச்சு. அவங்க ஊழியர்களே இல்லை, காண்டிராக்ட் ஆளுங்கன்னுதான் கணக்கு. நம்ம ஊர்ல அந்தக் காண்டிராக்ட் காகிதம்கூட கிடையாது. வெத்தலை பாக்குல வெச்ச அட்வான்ஸ்தான். சீசன் இல்லாத மாசத்துல கூலி வேலைக்குப் போறவங்கதான் அதிகம்.

புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. ரொம்ப சந்தோஷம். ஆனா முட்டி தேஞ்சு உக்காந்திருக்கிற மத்த ஆட்டக்காரங்களுக்கு? கேட்டா, "வேஷம் கட்டறவன்தானே"ன்னு சொல்வாங்க. பாருங்க, மறுபடி அதே வார்த்தை. டிராமா, வேஷம், சும்மா. அப்படிச் சொல்லிட்டா அவன் முதுகு வலிக்கு நாம பொறுப்பு இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

அதனால என் கட்சி இதுதான். முடிவு எழுதப்பட்டதாங்கிறது வெட்டிக் கேள்வி. விழறவனுக்கு வைத்தியம் யார் செலவு, ஆட்டம் நின்னா அவன் அடுப்பு எப்படி எரியும், இதைக் கேளுங்க. அந்த அறிவாளி மறுபடி வந்து சிரிச்சா, ஒரே ஒரு தடவை ரிங்குல மல்லாக்க விழுந்துட்டு வந்து பேசச் சொல்லுங்க. ரிங்கு கிடைக்கலைன்னா எங்க பக்கம் சித்திரையில அனுப்பி வைங்க. கட்டை கட்டி விடறோம், காலை வரைக்கும் சுத்தட்டும்.