மேனியில் வரும் திட்டெல்லாம் பெருநோய் அல்ல

பேராக் மாநிலத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை செய்கிறாராம். மூக்கின் ஓரத்திலும் புருவத்தின் மேலும் சிறு சிறு தடிப்புகள் கிளம்பி ஒரு வருடமாகிறது. முழங்கையில் இருந்த பழைய வெட்டுத் தழும்பு ஒன்று திடீரென்று தடித்துச் சிவந்துவிட்டது. அரிப்பில்லை, வலியில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் தோலில் ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதித்து, 'சார்கொய்டோசிஸ்' என்று சொல்லி மருந்தும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. "பெருநோய்க்குத்தான் டாக்டர்கள் மரியாதையாக வேறு பெயர் சொல்கிறார்கள்" என்கிறாராம் மாமியார். மருமகளுக்கென்று தனித் தட்டு, தனிக் குவளை வைத்தாகிவிட்டது. பெற்ற பிள்ளையைத் தூக்கவும் அனுமதியில்லை.

"இது ஒட்டுமா, ஒட்டாதா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

ஒட்டாது, சகோதரி. தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது, பாலூட்டினாலும் பிள்ளைக்குப் போகாது. இது புற்றுநோயும் அல்ல. இந்தப் பக்கத்தை அப்படியே மாமியாரிடம் கொடுங்கள். அவருக்குப் படிக்கச் சிரமமென்றால் பிள்ளைகளைவிட்டு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு விஷயம் மட்டும்: சாப்பிடும் மருந்துகளில் சில தாய்ப்பாலில் கலக்கும். பால் கொடுப்பவராக இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பெயர் புதிதாக இருந்தாலும் நோய் பழையது. லண்டனில் நிலக்கரித் துறையில் வேலை செய்த ஒரு தொழிலாளியின் கைகால்களில் ஊதா நிறத் தடிப்புகள் இருப்பதை ஹட்சின்சன் என்ற டாக்டர் 1869-ல் கண்டு எழுதி வைத்தார். பிறகு 1899-ல் நார்வே நாட்டு டாக்டர் பெக், ஒரு போலீஸ்காரரின் தோலில் இதைப் பார்த்து, 'சதை போன்றது' என்ற பொருளில் பெயர் வைத்தார். மூலகாரணம் இன்றுவரை திட்டவட்டமாகத் தெரியவில்லை. ஆனால் உடம்புக்குள் நடப்பது என்னவென்று தெரியும். கிருமி நுழைந்தால் அதை வளைத்துப் பிடிக்க இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் கூடும். வேலை முடிந்ததும் கலைந்துவிடும். இந்த நோயில் அவை கூடிய இடத்திலேயே முடிச்சு முடிச்சாக நின்றுவிடுகின்றன. பெரட்டுக்கு மணியடித்து ஆட்கள் திரண்ட பிறகு, இன்ன நிரைக்குப் போ என்று சொல்ல மண்டோர் வராமல் எல்லாரும் திடலிலேயே நிற்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த முடிச்சு தோலில் நின்றால் தடிப்பு. நுரையீரலில் நின்றால் இருமல், மூச்சிரைப்பு. கண்ணில் நின்றால் பார்வைக்கே ஆபத்து.

நம் நாட்டில் இது அபூர்வமான நோய்தான். ஆனாலும் மலேசியா, சிங்கப்பூர் ஆஸ்பத்திரிகளில் பதிவான நோயாளிகளில் நம் இந்தியர்களின் பங்கு, மக்கள்தொகையில் நமக்குள்ள பங்கைவிடக் கூடுதல். ஆகவே நமக்கு இது அந்நிய விஷயமல்ல.

தோலில் இது பல வேஷம் போடும். மூக்கோரம், இமை, உதடு, பிடரி ஆகிய இடங்களில் மிளகு அளவில் கெட்டியான பருக்கள் வரலாம். முதுகிலும் கைகளிலும் தட்டையான தடிப்புகள் வரலாம். சிலருக்கு மூக்கு நுனியும் கன்னமும் காதும் வீங்கி, நாவற்பழத் தோல் போல ஊதாக் கருப்பாய் மினுமினுக்கும். இந்த வகை சீக்கிரம் விடாது. மூக்கின் உட்புறத்தையும் பிடிக்கக்கூடியது. கறுத்த மேனிக்காரர்களுக்கு வெளுத்த தேமல் போலவும் வருவதுண்டு. நம்மவர்கள் பெருநோய் என்று பயப்படுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

தழும்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பால்வெட்டுக் கத்தி பட்ட காயம், செம்பனை முள் குத்திய இடம், பிள்ளைப் பருவத்தில் விழுந்த வடு, மூக்குத்தித் துளை, பச்சை குத்திய இடம் என்று தோட்டத்து மேனியில் தழும்புக்குப் பஞ்சமில்லை. பல வருடம் சும்மா கிடந்த தழும்பு காரணமில்லாமல் சிவந்து மேலெழும்பினால், அது இந்த நோயின் அடையாளமாக இருக்கலாம். இதை அநேகர் கவனிப்பதேயில்லை. 'பழைய காயம், மழைக்குத் தடித்திருக்கிறது' என்று விட்டுவிடுவார்கள்.

இன்னொரு வகை வலியோடு வரும். முன்காலில் எலும்பின் மேல் சிவந்த கட்டிகள், கணுக்கால் வீக்கம், காய்ச்சல். பார்க்கப் பயமாக இருந்தாலும் இப்படித் தொடங்குகிறவர்களுக்கு நோய் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ஆனால் இதே கட்டிகள் காசநோயாலும் தொண்டைப் புண்ணாலும் சில மருந்துகளாலும் வரும் என்பதால், எதனால் வந்தது என்று பார்த்தே தீர வேண்டும்.

சரி, பெருநோயை எப்படிப் பிரித்தறிவது? பெருநோய்த் திட்டில் பொதுவாக உணர்ச்சி குறைந்திருக்கும். சூடு தெரியாது, வேர்வை வராது, முடி உதிரும், நரம்பு தடிக்கும். சார்கொய்டோசிஸ் திட்டில் பெரும்பாலும் உணர்ச்சி இருக்கும். படர்தாமரை என்றால் அரிப்பும் செதிலும் காட்டிக்கொடுக்கும். இதைப் படித்துவிட்டு வீட்டில் ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். முகத்தில் வரும் பெருநோயில் உணர்ச்சி போகாமலும் இருக்கலாம். தோலைப் பிடிக்கும் காசநோயும் இதே கோலத்தில் வரும். அனுபவமுள்ள தோல் டாக்டரே கண்ணால் பார்த்து மட்டும் சொல்லத் தயங்குவார்.

தோல் துணுக்குப் பரிசோதனை அதற்குத்தான். மரத்துப்போக ஊசி போட்டு, பச்சரிசி அளவு தோலை எடுத்து, ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். ஊசி குத்தும்போது வலிப்பதுதான் வலி. அன்றே வீட்டுக்கு வரலாம். அந்தத் துணுக்கைப் பூதக்கண்ணாடியில் வைத்து, பெருநோய்க் கிருமி உண்டா, காசநோய்க் கிருமி உண்டா, பூஞ்சைக் காளான் உண்டா என்று ஒவ்வொன்றாகத் தேடுவார்கள். காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு மட்டும் ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கலாம். "இரண்டு மாதமாக இழுத்தடிக்கிறார்கள்" என்று கோபித்துக்கொண்டு பாதியில் நிற்காதீர்கள். கிருமி எதுவும் இல்லாமல் முடிச்சுகள் மட்டும் இருந்து, மற்ற பரிசோதனைகளும் ஒத்துவந்தால்தான் சார்கொய்டோசிஸ் என்று சொல்வார்கள். ஆகவே, மாமியார் அவர்களே, உங்கள் மருமகளுக்குப் பெருநோய் இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பிறகுதான் இந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

பெரியவர்களின் பயத்தையும் நான் குறை சொல்லமாட்டேன். 1930-ல் சுங்கை பூலோவில் பெருநோயாளிகளுக்கென்று குடியிருப்பு திறந்த பிறகு, அங்கே கொண்டுபோகப்பட்டவர்கள் பெற்றோரையும் பிள்ளைகளையும் பிரிந்து வாழ்ந்த கதை பல குடும்பங்களில் உண்டு. ஆனால் பெருநோயே இன்று அப்படி இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1981-ல் பரிந்துரைத்த கூட்டு மருந்தை ஆறு மாதமோ ஒரு வருடமோ ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகிறது. பிரித்து வைக்க வேண்டியதில்லை. திட்டு பெருநோயாகவே இருந்தாலும் ஒளித்து வைப்பதால்தான் விரல் போகிறது.

தோலில் சார்கொய்டோசிஸ் என்று தெரிந்ததும் மார்பு எக்ஸ்ரே, இரத்தம், சிறுநீர், இருதய ஓட்டம், கண் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். "முகத்தில் பருவுக்குப் போனேன், கண்ணைப் பார்க்கச் சொல்கிறார்களே" என்று சிலர் அலுத்துக்கொண்டு போகாமலே விடுகிறார்கள். தயவுசெய்து போங்கள். இந்த நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு நுரையீரலிலோ மார்புக்குள் இருக்கும் நெறிகளிலோ நோய் இருக்கும். பலருக்கு இருமல்கூட இருக்காது. கண் நோயும் சத்தமில்லாமல் வளரக்கூடியது. கண் சிவந்து வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, மயக்கம் வந்து நெஞ்சு படபடத்தாலோ, மறு தேதிக்குக் காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி வைத்தியம். நோய் தோலோடு நின்று, தொந்தரவும் இல்லையென்றால் மருந்தே கொடுக்காமல் கவனித்து வருவதும் ஒரு வைத்தியமே. பலருக்கு இரண்டு மூன்று வருடத்தில் தானாக மறைகிறது. முகத்தில் இருந்து மனம் வருந்தினால் வீரியமான ஸ்டீராய்டு களிம்பு பூசலாம், அல்லது தடிப்புக்குள்ளேயே சில வாரங்களுக்கு ஒருமுறை ஊசி போடலாம். பரவலாக இருந்தால் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மாத்திரை உண்டு. மலேரியா மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. நீண்ட நாள் சாப்பிட்டால் இதற்காகவும் கண் பரிசோதனை வேண்டும். மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை கொடுத்தால் கிழமையை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அது வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடுவது. தவறிப்போய்த் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்க நினைப்பவர்களும், பால் கொடுப்பவர்களும் அதைத் தொடக்கூடாது. நுரையீரல், கண், இருதயம் பாதிக்கப்பட்டால் பிரட்னிசொலோன் மாத்திரை தேவைப்படலாம். அது சர்க்கரையை ஏற்றும். நம்மவர்களில் நீரிழிவு எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. உடம்பு தேறிவிட்டது என்று அதைத் திடீரென நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொன்னபடி சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும்.

பாசார் மாலாமில் ஒலிபெருக்கி வைத்து விற்கும் பொடி, உருண்டை, களிம்பு பற்றி ஒரு வார்த்தை. சிலவற்றில் ஸ்டீராய்டைச் சொல்லாமல் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. இரண்டு நாளில் தடிப்பு அடங்கும். வைத்தியர் கெட்டிக்காரர் என்று தோன்றும். உள்ளே இருப்பது காசநோயாகவோ பெருநோயாகவோ இருந்தால் அது மறைந்து நின்று வளரும். மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் 'மால்' என்ற எழுத்துகளோடு எண் இருக்கும். அது இல்லாததை வாங்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டுக்குப் பார்த்து, தோல் டாக்டருக்குக் கடிதம் கொடுப்பார்கள். அந்தப் பொடியின் விலையைவிட அது குறைவு.

சகோதரி பத்தியம் உண்டா என்றும் கேட்டிருக்கிறார். கத்தரிக்காய், கருவாடு, இறால் எதையும் இந்த நோய்க்காக விலக்க வேண்டியதில்லை. ஆனால் எலும்புக்கு நல்லது என்று சுண்ணாம்புச் சத்து மாத்திரை, வைட்டமின் டி மாத்திரை, மீன் எண்ணெய் ஆகியவற்றை டாக்டரைக் கேட்காமல் சாப்பிடாதீர்கள். இந்த நோயில் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து தானாகவே ஏறுவதுண்டு; ஏறினால் சிறுநீரகத்தில் கல் விழும். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், சோர்வு சேர்ந்து வந்தால் மறு தேதிக்குக் காத்திராமல் டாக்டரிடம் சொல்லி இரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலும் அந்தச் சத்தை ஏற்றும் என்பதால் வெளிக்காட்டு வேலைக்குப் போகையில் நீளக்கைச் சட்டையும் தொப்பியும் போடுங்கள், தண்ணீரை நிறையக் குடியுங்கள்.