மாதம் ஒரு செய்தி: பறவை வேட்டை நாயும் நம் வீட்டு நாயும்



பிரிட்டனில் ஆகஸ்டு 12-ஆம் தேதிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. க்ரௌஸ் என்னும் காட்டுப் பறவையை வேட்டையாடும் பருவம் அன்றுதான் தொடங்குகிறது. டிசம்பர் 10-ஆம் தேதியோடு முடிகிறது. ஆனால் உடன் செல்லும் நாய்க்கோ, வேலை பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆண்டில் பெரும்பகுதி ஓய்ந்து கிடந்த நாயை முதல் நாளே மலைச்சரிவில் ஓடவிடுவது அறிவுடைமை ஆகாது என்பதை அந்நாட்டார் நன்கு உணர்ந்துள்ளனர்.

ரயில்வே எழுத்தருக்கும் வேட்டை நாய்க்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் நகைக்கக்கூடும். வேட்டைக்குப் பரிந்து பேச நாம் வரவில்லை. வன உயிர்களை வேட்டையாடுவதை 1972-ஆம் ஆண்டின் சட்டம் நம் நாட்டில் தடுத்துவிட்டது, அது நன்றே. ஆயினும், இன்று நம்மவர் வீடுகள் பலவற்றில் கட்டிலுக்கடியில் உறங்கும் லாப்ரடார், உண்மையில் பறவை வேட்டை நாயே ஆகும். நியூபவுண்ட்லாந்துத் தீவு மீனவர்களின் நாய்களிலிருந்து தோன்றி, பிரிட்டனில் உருப்பெற்று, 1903-இல் அந்நாட்டுக் கென்னல் கிளப்பின் அங்கீகாரம் பெற்ற சாதி அது. தொழில் போயிற்று, பிறவிக் குணம் போகவில்லை.

இவ்வகை நாய்களுள் தொழிற்பிரிவினை உண்டு. பாயிண்டர், பறவையின் மணம் எட்டியதும் முன்னங்கால் ஒன்றைத் தூக்கிச் சிலைபோல் நின்று இடத்தைக் காட்டும். செட்டர் பதுங்கி நின்று காட்டும். ஸ்பானியல் புதருக்குள் புகுந்து பறவையை எழுப்பும். லாப்ரடார் போன்றவை, வீழ்ந்த பறவையைப் பல் படாமல் கவ்வி எடுத்துவரும். நாம் பந்தை எறிந்தால் நம் வீட்டு நாய் சலியாது கொண்டுவருவது இப்பழக்கத்தாலேயே. அதன் ஆபத்தும் இதிலேதான் இருக்கிறது. எசமானன் எறியும் வரையில், உடம்பு தாங்காவிடினும் அது ஓடும்.

இதனை நாம் அனுபவத்தில் கண்டோம். சென்ற ஆண்டு மழைக்காலம் மூன்று மாதமும் நம் நாய் வீட்டுக்குள்ளேயே உண்டு உறங்கிப் பருத்துவிட்டது. அக்டோபரில் நாகபுரியில் மீண்டும் வெயில் ஏறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்பு மைதானத்திற்கு அதனை அழைத்துச் சென்றோம். பிள்ளைகள் கைதட்ட, நாம் பந்தெறிய, அது முப்பது முறைக்குக் குறையாமல் ஓடிற்று. பிறகு கால்கள் தள்ளாடின, நாக்கு கருஞ்சிவப்பாய்த் தொங்கிற்று, புல்லில் சாய்ந்தது. நாம் செய்வதறியாது நின்றோம்.

அண்டை வீட்டில் இருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி, ஓய்வுபெற்ற என்ஜின் டிரைவர், ஓடி வந்தார். "நிற்காதீர் தம்பி, தண்ணீரைக் கொண்டுவாரும்!" என்று அதட்டி, குழாய் நீரை வாளி வாளியாய் அதன் உடலெங்கும் ஊற்றி, துண்டால் விசிறினார். அதன்பின் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றோம், பிழைத்தது. அன்று மாலை அண்ணாச்சி சொன்னார்: "ஆறு மாதம் ஷெட்டில் கிடந்த என்ஜினை முதல் நாளே மெயில் வண்டியில் பூட்டுவார்களா, தம்பி? அதற்கு வாயிருந்தால் உம்மைக் கேட்டிருக்கும்." நாம் தலைகுனிந்தோம். பிழை முழுவதும் நம்முடையதே.

அதன்பின் வேட்டை நாய்களைப் பழக்கும் முறையைக் கற்றோம். அதில் நம் வீடுகளுக்கு உதவுவன மூன்று.

முதலாவது, உடற்பயிற்சி. வேட்டைப் பருவத்திற்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே தொடங்குவர். முதல் வாரம் காலையும் மாலையும் இருபது நிமிட நடை போதும். பின்னர் வாரந்தோறும் சிறிது கூட்டுவர். கரடான தரையில் நடக்க நடக்கப் பாதமும் உரம் பெறும். நாய்க்குப் பாதத்தில் அன்றி வேறெங்கும் குறிப்பிடத்தக்க வியர்வை இல்லை; மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஆகவே வெயில் ஏறுமுன் முடித்துவிடல் வேண்டும். தார்ச்சாலையில் நம் புறங்கையை ஏழு விநாடி வைக்க இயலாவிடில், அங்கு நாயையும் நடத்தலாகாது. உணவிலும் அளவு வேண்டும். லாப்ரடார்களுள் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசியை மிகுவிக்கும் மரபணு மாற்றம் இருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தனர். அது கெஞ்சுவதெல்லாம் பசியென்று எண்ணி இட்லியை எறிதல் அன்பாகாது. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

இரண்டாவது, அழைத்தால் வருதல். முப்பது அடி நீளக் கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டி நாயை உலவவிடுவர். ஒரே சொல்லால் அல்லது ஒரே விசிலால் ஒரு முறை அழைப்பர். வாராவிடில் கயிற்றை மெல்ல இழுத்து வரவழைத்து, வந்ததும் தின்பண்டம் கொடுத்துத் தட்டிக்கொடுப்பர். தாமதமாக வந்ததற்காக அடிப்பதில்லை. அடித்தால் மறுமுறை வரவே வராது. இருப்புப்பாதை ஓரத்தில் வாழும் நமக்கு இப்பயிற்சி விளையாட்டன்று. தண்டவாளத்தை நோக்கி ஓடும் நாயைத் திருப்பவல்லது அந்த ஒரு சொல்லே.

மூன்றாவது, வெடியோசை. துப்பாக்கிச் சத்தத்திற்கு அஞ்சும் நாய் வேட்டைக்கு உதவாது. எனவே அது மகிழ்ந்து விளையாடும்போதோ உண்ணும்போதோ, வெகு தொலைவில் சிறு ஓசை எழுப்பி, அஞ்சாத அளவறிந்து நாட்கணக்கில் அருகே கொணர்வர். அஞ்சினால் மீண்டும் தொலைவுக்குச் செல்வர். நம் வீடுகளில் இதற்குத் தீபாவளி என்று பெயர். இன்றே மெல்லிய ஓசையில் தொடங்கினால், பண்டிகையன்று சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடும் துன்பத்தைக் குறைக்கலாம். அன்றிரவு அதனை வீட்டினுள் வைத்துக் கதவடைத்தலும் கடமையே.

இம்மூன்றுக்கும் பணம் வேண்டுவதில்லை. காலையில் அரைமணி நேரமும் பொறுமையும் போதும். சொந்த ஊரை விட்டு வந்த நமக்கு நாயும் வீட்டில் ஒருவராகிவிடுகிறது. நாமும் நம் நாயும் இப்பொழுது நாள்தோறும் ஐந்தரை மணிக்கு நடக்கின்றோம். அண்ணாச்சியும் உடன் வருகின்றார். பந்து மட்டும் பத்து முறைக்கு மேல் எறியப்படுவதில்லை, எண்ணுபவர் அண்ணாச்சி.