படிக்கப் பள்ளிக்கூடம் உண்டு. பேசிப் பழக எங்கே போவது?
வெல்ஷ் மொழிக்காரர்கள் காட்டும் வழி

சைக்கிள் ஓட்டுவது எப்படி என்று ஒரு புத்தகம் முழுவதும் படிக்கலாம். படித்து முடித்ததும் சைக்கிள் ஓட்ட வந்துவிடுமா? வராது. ஏறி மிதிக்க வேண்டும். இரண்டு தடவை விழவும் வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1991-ம் ஆண்டில் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்துப் படிக்க வந்த பெண்கள் சைக்கிளும் பழகினார்கள். முதலில் கற்றவர்கள் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1992-ம் ஆண்டு மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைக்குள் சைக்கிளில் வந்தார்கள்.

மொழியும் சைக்கிளைப் போலத்தான். வாயைத் திறந்து பேசினால்தான் வரும். ஆனால் பேசுவதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டுமே! அந்த ஆளுக்கு எங்கே போவது?

கழுத்தில் மரக்கட்டை

இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸ் என்று ஒரு சிறு நாடு இருக்கிறது. அங்குள்ள மக்களின் சொந்த மொழி வெல்ஷ். 19-ம் நூற்றாண்டில் அங்கே பல பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் இருந்தது. வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரக்கட்டையை மாட்டிவிடுவார்கள். தாய்மொழி பேசியதற்குத் தண்டனை!

1901-ம் ஆண்டில் வேல்ஸ் மக்களில் பாதிப்பேர் வெல்ஷ் பேசினார்கள். 2011-ல் அது 100-க்கு 19 பேராகக் குறைந்தது. 2021-ம் ஆண்டுக் கணக்குப்படி 100-க்கு 18 பேர்கூட இல்லை. மொத்தம் சுமார் 5 லட்சத்து 38 ஆயிரம் பேர்தான்.

அந்நாட்டு அரசு விழித்துக்கொண்டது. 2050-ம் ஆண்டுக்குள் வெல்ஷ் பேசுவோர் 10 லட்சம் பேர் ஆகவேண்டும் என்று 2017-ல் திட்டம் போட்டது. பள்ளிகளில் வெல்ஷ் கற்பிக்கிறார்கள். பெரியவர்களுக்கும் வகுப்புகள் நடக்கின்றன.

ஆனாலும் ஒரு சங்கடம் இருக்கிறது. புதிதாகப் படித்தவர் கடைக்குப் போய்த் தட்டுத் தடுமாறி வெல்ஷில் கேட்பார். கடைக்காரர் உதவி செய்வதாக நினைத்து இங்கிலீஷில் பதில் சொல்லிவிடுவார். படித்தவருக்கு வெட்கமாகிவிடும். மறுநாள் அவரும் இங்கிலீஷிலேயே கேட்பார்.

ஆரஞ்சுச் சின்னம்

இதற்கு அவர்கள் ஒரு வழி செய்தார்கள். வெல்ஷ் தெரிந்த ஊழியர்கள் சட்டையில் ஆரஞ்சு நிறச் சின்னம் ஒன்றைக் குத்திக்கொள்கிறார்கள். “என்னிடம் வெல்ஷில் பேசலாம்” என்று அதற்குப் பொருள்.

ஷாரத் என்று ஒரு திட்டமும் உண்டு. வெல்ஷ் மொழியில் ஷாரத் என்றால் பேசுவது. மொழி நன்றாகத் தெரிந்த ஒருவரையும், படித்துக்கொண்டிருக்கும் ஒருவரையும் ஜோடி சேர்க்கிறார்கள். இருவரும் 10 மணி நேரம் சும்மா பேசவேண்டும். பாடம் கிடையாது, பரீட்சையும் கிடையாது.

நம் வீட்டுப் பிள்ளைகள்

“வெல்ஷ் மொழியைப் பற்றி நமக்கு என்ன?” என்று கேட்கிறீர்களா? சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே தமிழ் நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடம் உண்டு. வளர்தமிழ் இயக்கம் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் தமிழ் விழா நடத்துகிறது. அப்படியும், வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010-ல் 100-க்கு 3.3 பேராக இருந்தது, 2020-ல் 2.5 ஆகிவிட்டது. பாடம் இருக்கிறது, வீட்டில் பேச்சுக் குறைகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போய்க் குடியேறியவர்கள் பலர். அவர்கள் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார்கள். பேரன், “அப்பத்தா, நான் நேத்து வருது” என்று சொல்கிறான். நாம் என்ன செய்கிறோம்? கொல்லென்று சிரிக்கிறோம். அல்லது நமக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையை அவனிடம் காட்டுகிறோம். பிள்ளை வாயை மூடிக்கொள்கிறான். அந்தச் சிரிப்பும் ஒரு மரக்கட்டைதான்!

அப்பத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பேரனுக்குத் தமிழ் வராது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேச்சில்லாமல் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது யாருக்கு நஷ்டம்?

செலவில்லாத வேலை

இதற்குச் சர்க்கார் திட்டம் வேண்டியதில்லை. பிள்ளை தப்பாகப் பேசினால் சிரிக்காதீர்கள். “ஓ, நேத்து வந்தியா!” என்று சரியான சொல்லை நீங்கள் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். அவன் சொல் தேடும்போது கொஞ்சம் பொறுத்திருங்கள். கையில் காசு கொடுத்து, “அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கிட்டு வா” என்று கடைக்கு அனுப்புங்கள். கடைக்காரரிடமும், “தமிழிலேயே பேசுங்கண்ணே” என்று சொல்லிவையுங்கள்.

சிங்கப்பூரில் ஜூன் மாதத்திலும் டிசம்பர் மாதத்திலும் பள்ளி விடுமுறை. அந்த நாட்களில் பேரப்பிள்ளைகள் வந்தால், தினம் ஒரு மணி நேரம் அப்பத்தாவோடு உட்காரட்டும். கதை கேட்கட்டும், கேள்வி கேட்கட்டும். இங்கிலீஷ் தெரியாத அப்பத்தாவைவிட நல்ல தமிழ் வாத்தியார் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கமாட்டார்.