குடியை விட்டாரா? ரத்தம் சொல்லட்டும்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்ச ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. கல்வராயன் மலையில் சாராய ஊறல்கள் அழிக்கப்பட்டன. ஆனால் குடிநோய் ஊறலோடு அழிவதில்லை. அதற்குத் தொடர் சிகிச்சை வேண்டும்; அதில் ‘குடிக்கவில்லை’ என்ற வாய்வார்த்தை போதாது. ஊதிப் பார்ப்பது சில மணி நேரத்துக்கே உதவும். கல்லீரல் நொதியான ஜிஜிடி வேறு நோய்களாலும் ஏறும். சிறுநீரில் எத்தில் குளுக்குரோனைடு சில நாட்களும், ரத்தத்தில் பாஸ்பாட்டிடைல் எத்தனால் சில வாரங்களும் குடித்த தடயம் காட்டும்.

இப்படிச் சோதிப்பது வேவு பார்ப்பதாகாதா? சோதனை முடிவு போலீசுக்கோ முதலாளிக்கோ போனால் ஆகும். நோயாளியின் சம்மதத்தோடு மருத்துவரிடமே நின்றால், சறுக்கலைச் சீக்கிரம் கண்டு சிகிச்சையை மாற்றலாம். குடியை விட்டும் வீட்டார் நம்பாதவருக்கு அதுவே சாட்சி. செலவு அதிகம்தான். டாஸ்மாக் வருவாய் பார்க்கும் அரசு, அதைக் கள்ளக்குறிச்சியிலிருந்தே ஏற்கத் தொடங்கட்டும்.